அடைப்புக்குறி எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி சொன்னதாக ஒரு வரி. குழந்தையின் மனநலத்துக்குத் தாயோடு இதமான, நெருக்கமான, இடைவிடாத உறவு வேண்டுமாம். அதைப் படித்துவிட்டு என் தங்கை இரவு பதினொரு மணிக்குப் போனில் அழுதாள். மகனுக்கு ஐந்து மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பியவள் அவள்.

1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு பவுல்பி எழுதிய அறிக்கையில், 'தாய்' என்ற சொல்லை ஒட்டியே ஓர் அடைப்புக்குறி உண்டு: அல்லது தாய்க்கு மாற்றாக நிலைத்திருக்கும் ஒருவர். உங்களுக்குத் தெரியாததா? இடம் போதவில்லை போலும். அரைப் பக்கத்துக்குத் தாயும் சேயும் படம் போட மட்டும் இடம் இருந்தது. அந்த அறிக்கையே வீடிழந்த குழந்தைகளைப் பற்றியது. மாலையில் அம்மா திரும்பி வரும் வீட்டை அதோடு முடிச்சுப் போடலாமா?

அந்த அடைப்புக்குறிக்குள் இருந்தவள் நான். பெரியம்மா. எட்டாவது மாதத்தில் தங்கை மகன் புது முகம் யாரைக் கண்டாலும் தவழ்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொள்வான். மாலையில் வாசலில் அவன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், என்னை உதறிவிட்டுப் பாய்வான். பகலெல்லாம் சுமந்தவளுக்கு அது வலிக்கத்தான் செய்தது, சொல்வதற்கென்ன. ஆனால் இரண்டு ஒட்டுதலும் பொய்யில்லை. ஷாஃபர், எமர்சன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைக் கவனித்து 1964-இல் எழுதியதும் இதுதான். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலானவை ஒருவருக்கு மேற்பட்டவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. அதுவும் பாலூட்டித் துணி மாற்றியவர் என்பதற்காக அல்ல, அழுதால் ஓடி வந்தவர், விளையாட்டுக் காட்டியவர் என்பதற்காக.

அமெரிக்க உளவியலாளர் ஹார்லோவின் சோதனையில் குரங்குக் குட்டிகள், பால் தந்த கம்பி பொம்மையை விட்டுத் துணி பொம்மையை அணைத்துக்கொண்ட கதையை நீங்கள் மூன்று முறை வெளியிட்டாயிற்று, 'தாய்ப்பாசம்' என்ற தலைப்பில். அந்தத் துணி பொம்மை எந்தக் குட்டியைப் பெற்றது ஐயா?

அப்பாக்களைப் பற்றி நான் கேட்கவே போவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கடிதத்தை மூன்று வரியாக நறுக்கி, 'ஒரு தாயின் ஆதங்கம்' என்று தலைப்பிட்டீர்கள். நான் பெறாதவள் என்பது அதன் முதல் வரியிலேயே இருந்தது.

நீண்ட திருத்தமெல்லாம் வேண்டாம். அடுத்த இதழில் அந்த வரியை அடைப்புக்குறியோடு ஒருமுறை முழுசாக அச்சிடுங்கள். தங்கைக்கு வெட்டி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா