ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்): பராமரிப்புக் கட்டணப் பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை

செந்தூல் அடுக்குமாடி மக்களுக்கு வணக்கம். பி புளோக் லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. பதினோராம் மாடிப் பாட்டி அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்த படத்தை எல்லாரும் பார்த்தோம். குழுவில் கோப முக எமோஜி போட்டதோடு சரி!

டிபிகேஎல்-இல் (கோலாலம்பூர் மாநகராட்சியில்) மனு கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். ஆனால் நம் லிஃப்ட்டைப் பராமரிப்பது ஜேஎம்பி-யின், அதாவது நம் கட்டடத்தின் கூட்டு நிர்வாக அமைப்பின் வேலை. பெரிய பழுதுக்குப் பணம் சிங்கிங் ஃபண்டிலிருந்துதான் (பெரிய செலவுகளுக்கென்று சேர்த்து வைக்கும் நிதி) வர வேண்டும். மாதம் 100 ரிங்கிட் பராமரிப்புக் கட்டணம் என்றால் கூடவே 10 ரிங்கிட் அதற்குப் போகிறது. கட்டாதவர்கள்தான் இங்கே அதிகம் சத்தம் போடுகிறார்கள், மன்னிக்கவும்.

2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி, கூட்டத்துக்கு 7 நாள் முன்பு பாக்கி நின்றால் ஓட்டுப் போட முடியாது. அதனால் இந்த வாரமே கட்டிவிடுங்கள். வர முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் வேறொருவர் ஓட்டுப் போட பிராக்ஸி பாரம் கொடுங்கள். ஒருவர் ஒரு வீட்டு உரிமையாளருக்கு மட்டுமே பிராக்ஸியாக வரலாம், மொத்தமாக ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், தணிக்கைக் கணக்கைப் படித்துவிட்டு வாருங்கள். லிஃப்ட் கம்பெனிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று நான் கேட்கப் போகிறேன். பக்கத்தில் இரண்டு பேராவது எழுந்து நில்லுங்கள்.