சித்தப்பாவுக்கு, ஆன்டெனா பற்றி

செஸ்டர்ஃபீல்ட், இங்கிலாந்து
நவம்பர் மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். போன் போட்டால் சித்தி "சாப்பிட்டியா, குளிருதா"ன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள நேரம் ஓடிடுது. பின்னாடி நின்னுக்கிட்டு நீங்க "ஆன்டெனா என்னாச்சுன்னு கேளு"ன்னு சொல்றது மட்டும் காதுல விழுது. அதை போன்ல சொல்லி முடியாது. அதான் கடிதம். சித்திக்கு: சாப்பிட்டேன், குளிருது, ஸ்வெட்டர் போதும், அனுப்ப வேண்டாம்.

ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கிட்டேன், இனி வீட்டிலிருந்தே சொந்த செட்டில் மத்த ஹாம்களோட பேசலாம். இங்கே ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபுல் என்று மூணு படி. முதல் படிக்கு 26 கேள்வி, 19 சரியா இருந்தா பாஸ். வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து எழுதலாம், கேமரா வழியா ஒருத்தர் பார்த்துட்டே இருப்பார். ஓம் விதி, அலைநீளக் கணக்கு, ஃபியூஸ், எர்த்து, நம்ம செட்டால அடுத்த வீட்டு டி.வி. கெட்டா என்ன செய்யணும், இதெல்லாம்தான் பாடம். முக்கால்வாசி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நம்ம டி.வி. ரிப்பேர் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார வச்சு நீங்க திட்டித் திட்டிச் சொன்னதுதான். என் கால் சைன், அதாவது காற்றில் என் பேர், எம்7-னு ஆரம்பிக்குது. 25 வாட் வரைக்கும் அனுப்பலாம். முன்னெல்லாம் இந்தப் படியில் இருக்கறவங்க கடையில் வாங்கின செட்டோ, கிட்டோ மட்டும்தான் வச்சுக்க முடியும். 2024-ல விதியை மாத்தி, சொந்தமா செஞ்சதையும் காற்றில் விடலாம்னு சொல்லிட்டாங்க.

செட் வாங்குறது இந்த ஊர்ல பெரிய விஷயமே இல்லைங்க. ஆன்டெனா கம்பி கட்டுறதுதான் பாடு. வரிசை வீடுகள், சுவரோடு சுவர். மொட்டை மாடின்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் சரிவுக் கூரை. புகைபோக்கியில் எதையும் மாட்டக்கூடாது, சுவரில் ஓட்டை போடக்கூடாதுன்னு வீட்டுக்காரர் முதல்லயே சொல்லிட்டார். பின்பக்கத் தோட்டம் நீளவாக்கில் பத்து மீட்டர் வந்தா அதிகம். 40 மீட்டர் அலைநீளப் பேண்டுக்கு அரை அலைன்னா 20 மீட்டர் கம்பி வேணுமே! அதனால ரெண்டு கை விரிச்சு நடுவில் செட் ஒயரை இணைக்கிற டைபோலை விட்டுட்டு, ஒரு முனையில் இணைக்கிற கம்பிக்குப் போயிட்டேன். மாடி ஜன்னல்ல ஆரம்பிச்சு, தோட்டக் கோடியில் நட்ட ஃபைபர் தூண்டில் கம்பு உச்சிக்கு ஏறி, அங்கிருந்து மடங்கி வேலியோரமா திரும்பி வருது. மீன் பிடிக்கிறவங்களுக்குன்னு விக்கிற மடக்குக் கம்பு அது. எடையே இல்லை, மின்சாரமும் கடத்தாது. இந்த ஊர் ஹாம் ஆட்களில் பாதிப்பேர் வீட்டில் ஒண்ணு இருக்கும், ஆனா மீன் பிடிச்சவர் ஒருத்தரும் இல்லை.

அரை அலைக் கம்பியோட முனையில் இம்பீடன்ஸ், அதாவது அலைக்கு வர்ற தடை, 2,500 ஓம் பக்கம் நிக்கும். செட்டுக்கு வேண்டியது 50. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்: 43 ரக ஃபெர்ரைட் வளையத்தில் முதல் பக்கம் 2 சுற்று, மறுபக்கம் 14 சுற்று. சுற்று 7 மடங்குன்னா இம்பீடன்ஸ் 49 மடங்கு. கணக்கு அப்படியே உட்காருது பாருங்க. மேல் பேண்டுகளில் ஒழுங்கா இருக்க 100 பிகோஃபாரட் ஒண்ணு முதல் சுற்றுக்குக் குறுக்கே வச்சிருக்கேன். கம்பி மேல இருக்கிற எனாமல் பூச்சைச் சுரண்டி ஈயம் வைக்கும்போது வர்ற வாசனையில் அறையே நம்ம கடை மாதிரி ஆயிடுச்சு.

பக்கத்து வீட்டுப் பாட்டி குடிவந்த நாளிலிருந்து தலையசைப்போட சரி. கம்பி ஏறின அன்னிக்குத்தான் வேலி மேல எட்டிப் பார்த்து முதல் கேள்வி கேட்டாங்க: குருவி உட்கார்ந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாதே? 25 வாட்டில் ஒண்ணும் ஆகாதுன்னு விளக்கினேன். இப்போ தினம் பேச்சு. வானிலை, குருவி, என் கம்பி, இந்த மூணும் போதும் இந்த ஊர்ல ஒரு சிநேகத்துக்கு.

செட்டில் வர்ற கூச்சல்தான் தொல்லை. சுற்றி எல்லா வீட்டுக் கூரையிலும் சோலார் பலகை, உள்ளே இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர். பகல்ல செட்டில் சிக்னல் அளவு காட்டுற மீட்டர் முள் எஸ்-7க்குக் கீழே இறங்காது. அதுக்கு மருந்து மலைதான். பக்கத்திலேயே பீக் டிஸ்ட்ரிக்ட்னு மலைப்பகுதி. செட், லித்தியம் பேட்டரி, தூண்டில் கம்பு எல்லாம் முதுகுப் பையில். மேலே போனா பூச்சி சத்தம்கூட இல்லாத பேண்டு. 2002-ல இங்கே ஆரம்பிச்ச ஒரு விளையாட்டு இது: மலையுச்சியில் நின்னு பேசினா, உயரத்துக்கேற்ப மதிப்பெண். இந்த ஊர்க்காரங்க மூச்சு வாங்க ஏறி, படம் எடுத்துக்கிற கிண்டர் ஸ்கவுட் 636 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1,345. நம்ம ஏற்காடு ஊரே சுமார் 1,500 மீட்டரில் இருக்குன்னு சொன்னேன். அங்கே பஸ்ல போய் இறங்கி மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவோம்னதும் நம்பவே மாட்டேங்கறாங்க.

வாரம் ஒருநாள் கிளப். ஒரு பழைய ஹால், பெரும்பாலும் ஓய்வு பெற்றவங்க. சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்பன்னு ஒருத்தரும் கேட்கலை. என்ன ஆன்டெனா, எவ்வளவு உயரம், இதுதான் முதல் கேள்வி. இறந்துபோன ஹாம்களை 'சைலன்ட் கீ'ன்னு சொல்றாங்க. ஒருத்தர் போயிட்டா கிளப் ஆட்களே அவர் அறையைப் பிரிச்சு, சோதிச்சு, விலை போட்டு வித்து, காசைக் குடும்பத்துகிட்ட கொடுத்துடறாங்க. ஆன்டெனா செட்டோட பொருந்துதான்னு காட்டுற என் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் அப்படி வந்ததுதான். பின்னாடி முன்னவர் கையெழுத்தில் ஒட்டின காகிதம் இருக்கு, கிழிக்கலை.

அங்கே ஒருத்தர் பெருமையா ஒரு செட்டைத் திறந்து காட்டினார். பார்த்தா பிட்எக்ஸ், நாமே செஞ்சுக்கிற செட்! ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைச்சது. முதல் பிட்எக்ஸில் டோராய்டு வளையம் கிடைக்கலைன்னு குழாய் வாஷர் மேல காயில் சுத்தச் சொன்ன மனுஷன். ஒரே ஆம்ப்ளிஃபையர் வரிசை, அனுப்பும்போது ஒரு திசை, கேட்கும்போது மறு திசை. அத்தனையும் நம்ம டி.வி. ரிப்பேர் கடை டிராயரில் கிடைக்கிற சாமான்தான். எனக்கு ஜப்பான் செட்டை விட இதுதான் பிடிச்சிருக்கு. கெட்டா எந்த டிரான்சிஸ்டர்னு கண்ணால பார்த்துச் சொல்லலாம்.

சித்தி "வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதுக்கு"ன்னு கேட்பாங்க. ஹாம் ஆட்கள் உடனே 2004 சுனாமியைச் சொல்லுவாங்க. உண்மைதான், அந்தமானில் ஹாம் நிலையம் போட வந்திருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியிருக்காங்க. ஆனா நான் அதுக்காக இதைச் செய்யலை. பிடிச்சிருக்கு, செய்யறேன். அவ்வளவுதான்.

இப்போ உங்க வேலைக்கு வர்றேன். சேலத்திலிருந்து இங்கே நேர்கோட்டில் சுமார் 8,300 கிலோமீட்டர், திசை வடமேற்கு. நல்லவேளை, சேர்வராயன் மலை உங்களுக்கு வடகிழக்கில், குறுக்கே நிக்கலை. மொட்டை மாடியில் 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் கட்டுங்க. 143-ஐ அதிர்வெண்ணால் வகுத்தா மொத்தம் 10 மீட்டர் சொச்சம், ஒரு கைக்கு 5 மீட்டரும் சாணும் விட்டு வெட்டி, அப்புறம் குறைங்க. ஒரு முனை தென்மேற்கு, மறுமுனை மலைப் பக்கம். ரீவைண்டிங் கடையில் மிஞ்சின எனாமல் கம்பி போதும். கீழே இறக்க கேபிள் டி.வி. ஒயரே பொருத்தம்: அது 75 ஓம், டைபோல் நடு 72 பக்கம். ஆனா அதோட பின்னல் அலுமினியம்னா ஈயம் பிடிக்காது, திருகாணியில் இறுக்குங்க. தெருவில் ஈ.பி. லைன் மாடியை உரசிட்டுப் போகுது, அந்தப் பக்கம் கம்பி விழக்கூட வாய்ப்பில்லாத மாதிரி கட்டணும். சித்திரை இடி மழைக்கு முன்னாடி ஒயரைக் கழட்டி வெளியே போட்டுடுங்க.

செட்டுக்குப் பழைய மர்ஃபி ரேடியோவே போதும். அதில் ஹாம் ஆட்கள் பேசுற சைடுபேண்டு முறைப் பேச்சு வாத்து மாதிரிதான் கேட்கும், அதைத் தெளிய வைக்க பி.எஃப்.ஓ.ன்னு ஒரு சின்ன ஆசிலேட்டர் வேணும். டிராயரில் கிடக்கிற 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்.டி. காயில் ஒண்ணு, ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர், நாலு கெப்பாசிட்டர். ஆசிலேட்டரா ஓடவிட்டு, மர்ஃபியோட ஐ.எஃப். பகுதி பக்கத்தில் அதோட ஒயரைச் சும்மா வச்சாலே பேச்சு தெளியும். டயல் முள்ளை 19 மீட்டர் பேண்டுக்கும் 25-க்கும் நடுவே, 19-ஐ ஒட்டி மெல்லத் திருப்புங்க. முதல்ல ஐரோப்பாவில் நிறைய பவர் விடறவங்க வருவாங்க. என் 25 வாட் அதுக்கு அடியில் இருக்கும், அதனால நான் மோர்ஸில் அனுப்பறேன். இங்கே மதியம் 2 மணி, உங்களுக்கு ராத்திரி 7:30. உங்க பக்கம் இருட்டு, என் பக்கம் வெளிச்சம், அந்த நேரம் 20 மீட்டர் திறக்கும்.

நம்பிக்கை எங்கிருந்துன்னா, டபிள்யூ.எஸ்.பி.ஆர்.னு ஒரு முறை இருக்கு. 1993-ல பல்சார் நட்சத்திர ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கின ஜோ டெய்லர் 2008-ல எழுதினது. ரெண்டு நிமிஷம் மெல்ல அனுப்பினா, கூச்சலுக்கு அடியில் இருக்கறதையும் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துடும். அதில் என் 5 வாட் தென்னிந்தியாவில் ஒருத்தர் ஆன்டெனாவில் விழுந்ததா திரையில் வந்தது. பார்த்துட்டு ராத்திரி தூங்கலை.

கேட்கிறதோட நிக்காதீங்க, லைசென்ஸும் எடுங்க. நம்ம ஊர் முதல் படியான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, வி.யு.3-னு ஆரம்பிக்கிற கால் சைன் வரும். தம்பியையும் எழுத வையுங்க. அது வர்ற வரைக்கும் மைக் பக்கம் கை போகக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன். வந்தப்புறம் ஏற்காட்டு மாமா எஸ்டேட்டைப் பாருங்க. காபிக்கு நிழலா நிக்கிற சில்வர் ஓக் மரம் ரெண்டு போதும், டவரே வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் ரேடியோ தொடுவானம் கணக்குப்படி 160 கிலோமீட்டர். கைச்செட்டிலேயே பாதி மாவட்டத்தைப் பிடிக்கலாம். குரங்கு தொங்கும், அதனால மெல்லிய கம்பி கூடாது, எஃகு சேர்ந்த கம்பியா போடணும்.

அடுத்த ஞாயிறு முயற்சி பண்ணுவோம். கேட்டா போன்ல பதிவு செஞ்சு அனுப்புங்க. கேட்கலைன்னாலும் அந்த இரைச்சலை அனுப்புங்க, தறி மோட்டாரா, ஈ.பி. லைனா, இல்ல ஆன்டெனாவே சரியில்லையான்னு பார்த்துச் சொல்றேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: ஸ்வெட்டர் வேண்டாம். தட்டுவடையும் சட்னிப் பொடியும் வேணும். பார்சலில் இடமிருந்தா அந்த ஐ.எஃப்.டி. நாலு, மஞ்சள், வெள்ளை, கருப்பு கலந்து போடுங்க.