பேர்ச் மீன் பிடிக்கப் போற ஆக்கள் தூண்டில் தடியின்ர நுனியைப் பார்த்து வாங்குங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

குளிர் தொடங்கினா உங்கட பேப்பர்ல ஸ்னோ டயர் எப்ப மாத்திறது, வழுக்காம எப்பிடி நடக்கிறது, வீட்டு ஹீட்டிங் செலவை எப்பிடிக் குறைக்கிறது எண்டெல்லாம் பிரயோசனமான விசயங்கள் வருது, நானும் விடாம வாசிக்கிறனான், ஆனா ஐஸுக்கு மேல இருந்து மீன் பிடிக்கிறதைப் பற்றி ஒரு வரியும் நான் காணேல்லை. இப்ப ரொறன்ரோவுக்கு வடக்க இருக்கிற லேக் சிம்கோ ஏரிப் பக்கம், அதின்ர குக்ஸ் பே பக்கமெல்லாம் எங்கட குடும்பங்களையும் காணக்கூடியதா இருக்கு, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வருகினம், பாக்கவே சந்தோசம். எனக்கு இருக்கிற கவலை அவையள் கையில வைச்சிருக்கிற சாமானைப் பற்றித்தான், அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

கடைக்குப் போய் ஐஸ் ஃபிஷிங் தடி எண்டு கேட்டா மீடியம், மீடியம் ஹெவி எண்டு விறைப்பைப் போட்டிருக்கிற தடியளும் அதே வரிசையிலதான் நிக்கும். அது லேக் ட்றவுட், வைட்ஃபிஷ் மாதிரிப் பெரிய மீனுக்கு. கனபேர் எதுக்கும் பலமானதா வாங்குவம் எண்டு நினைச்சு அதை வாங்கிக்கொண்டு போய் பேர்ச், புளூகில், கிராப்பி மாதிரிக் கையளவு மீனுக்குப் போடுகினம், பிறகு பகல் முழுக்கக் குந்தியிருந்து ஒண்டும் இல்லாம இந்த ஏரியில மீனே இல்லையெண்டு சொல்லிக்கொண்டு வருகினம். மீன் வந்து கொத்திப்போட்டுத்தான் போயிருக்கும், அந்தத் தடி அதைச் சொல்லேல்லை, அவ்வளவுதான்.

இதை விளங்கிக்கொண்டா மிச்சமெல்லாம் சுகம். மீன் குளிர் ரத்தப் பிராணி, தண்ணி ஐஸுக்குக் கிட்டக் குளிர்ந்தா அதின்ர உடம்பும் மந்தமாகிடும், கோடையில மாதிரி ஓடி வந்து பிடிச்சு இழுக்காது. புளூகில் கிட்ட வந்து நிண்டு இரையை வாய்க்குள்ள உறிஞ்சிப்போட்டு பிடிக்கேல்லையெண்டா அந்தக் கணமே துப்பிடும், மேல இருக்கிற எங்களுக்கு ஒரு சின்ன நடுக்கம் மாதிரித்தான் தெரியும். கிராப்பி இன்னும் மோசம், அது கீழ இருந்து வந்து இரையை எடுத்துக்கொண்டு மேல்ப்பக்கமா எழும்பும், அப்ப தங்கூசியில (தூண்டில் நூலில) இழுவையே இருக்காது, ஜிக்கின்ர, அதாவது பாரம் சேர்த்த தூண்டில் முள்ளின்ர, பாரம் இல்லாமப் போயிடும், தடி நுனி கீழ வளையிறதை விட்டிட்டு மெல்ல நிமிரும். நுனி நிமிர்றதும் மீன் கொத்தினதுதான் எண்டு தெரியாத ஆக்கள் எத்தினையோ கிராப்பியைக் கைவிட்டிருப்பினம்.

அதாலதான் சொல்லுறன், கையில கொஞ்சக் காசுதான் இருக்கெண்டா முதல்ல நுனிக்கு அதைப் போடுங்கோ, நூல் சுத்திற ரீல் ரெண்டாவது. அல்ட்ரா லைட் எண்டு எழுதியிருக்கிற தடி, நீளம் 24 தொடக்கம் 28 அங்குலம், கூடாரத்துக்குள்ள இருந்து பிடிக்கிற ஆக்களுக்கு அது போதும், வெளியில வாளியில குந்தியிருந்து பிடிக்கிற ஆக்கள் 30 அங்குலம் வரைக்கும் போகலாம். எழுதியிருக்கிறதை மட்டும் நம்பாதேங்கோ, ஒரு கொம்பனியின்ர அல்ட்ரா லைட் இன்னொரு கொம்பனியின்ர லைட்டை விட விறைப்பா இருக்கும். நீங்கள் பாவிக்கப்போற ஜிக்கையே பொக்கெற்றில கொண்டுபோங்கோ, கடைக்காரரிட்டக் கேட்டுப்போட்டு ஒரு துண்டுத் தங்கூசியால நுனி வளையத்தில தொங்கவிட்டுப் பாருங்கோ. அந்தச் சின்னப் பாரத்துக்கே நுனி கொஞ்சம் தலை குனிஞ்சா அதுதான் உங்களுக்கான தடி, ஏனெண்டா அப்பத்தான் மீன் கீழ இழுத்தாலும் தெரியும் மேல தூக்கினாலும் தெரியும். அசையாமக் கம்பி மாதிரி நிண்டா திருப்பி வைச்சிடுங்கோ, எவ்வளவு பேர்பெற்ற பிராண்டா இருந்தாலும். ஆனா நுனி மட்டும் மெல்லிசா இருந்தாக் காணாது, கைபிடிக்குக் கிட்ட வர வரத் தடி பலப்படவேணும், இல்லாட்டிக் கொத்தினது தெரிஞ்சும் தூண்டில் முள்ளை மீன்ர வாயில சுண்டி ஏத்தேலாமல் போகும்.

தடி செய்யிறதில கிராஃபைற், ஃபைபர்கிளாஸ் எண்டு ரெண்டு சாதி. கிராஃபைற் அதிர்வைக் கைக்குக் கொண்டுவரும், கொத்திறது கையில தெரியும், ஆனா ஐஸ் விளிம்பில அடிபட்டாலோ காரின்ர கதவுக்குள்ள மாட்டினாலோ டக்கெண்டு முறியும். ஃபைபர்கிளாஸ் மெல்ல வளையும், கைக்குச் சொல்லுறதை விடக் கண்ணுக்குத்தான் சொல்லும், விலையும் குறைவு, பிள்ளையள் மிதிச்சாலும் தாங்கும். முதல் தடிக்கு ஃபைபர்கிளாஸ் எண்டுதான் நான் சொல்லுவன். 25, 30 அடியை விட ஆழத்தில பிடிக்கப் போறீங்களெண்டா மட்டும் கொஞ்சம் விறைப்பான நுனியும் பாரமான ஜிக்கும் தேவைப்படும், அங்க கிராஃபைற் நல்லம்.

ஏற்கனவே விறைப்பான தடி வாங்கிப்போட்டன் எண்டு கவலைப்படுற ஆக்களுக்கு ஒரு வழி இருக்கு. ஸ்பிரிங் பொபர் எண்டு ஒரு சின்ன மெல்லிய கம்பியோ தகடோ, நுனியில கொழுவுறது, சில டொலர்தான் வரும், தங்கூசியை அதின்ர வளையத்துக்குள்ளால விட்டா ஒரு மெல்லிய நுனியே கூடுதலாக் கிடைச்ச மாதிரி. காத்தடிச்சா அதுவும் ஆடும், அதால கூடாரத்துக்குள்ளதான் முழுப் பலன்.

இப்ப ரீல். இதில விக்கிற ஆக்கள் சொல்லுற பெயாரிங் (ரீல் இலகுவாச் சுத்த உள்ளுக்கு இருக்கிற குண்டு வளையம்) எண்ணிக்கை, ஐஸ் ஓட்டைக்குள்ள நேர கீழ விட்டு நேர மேல எடுக்கிற வேலைக்குப் பெரிசா உதவாது. தூர எறியிற வேலையே இல்லையே. பாக்கவேண்டியது தங்கூசி முறுக்குப்படுதா எண்டதுதான். சாதாரண ஸ்பின்னிங் ரீல்ல ஸ்பூல், அதாவது நூல் இருக்கிற உருளை, சுத்தாம நிக்க வெளியில இருக்கிற வளைஞ்ச கம்பிதான் சுத்திச் சுத்தி நூலை ஏத்தும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும், ஜிக்கைக் கீழ நிப்பாட்டினவுடன அந்த முறுக்கு அவிழத் தொடங்கும், ஜிக் பம்பரம் மாதிரிச் சுத்திக்கொண்டே நிக்கும். பேர்ச் ஒருவேளை பரவாயில்லையெண்டு கொத்தும், ஆனா புளூகில் கிட்ட வந்து பாத்துப்போட்டுத் திரும்பிடும், அந்தச் சுத்துற சாமானை அது தொடாது. இன்லைன் ரீல்ல ஸ்பூலே உருண்டு நூலை நேராச் சுத்தும், முறுக்கு ஏறாது, ஸ்பூலின்ர வட்டமும் பெரிசு, அதால தங்கூசி சுருள் சுருளா நிக்காது. ஆழமான இடத்தில சுத்தி எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பெரிய மீன் பட்டா நூலை விட்டுக்கொடுக்கிற ட்றாக்கும் ஸ்பின்னிங் ரீல் அளவுக்கு இதமா வேலை செய்யாது, ஆனா 10, 20 அடித் தண்ணியில பான்ஃபிஷ் எண்டு சொல்லுற இந்தக் கையளவு மீனுகளுக்கு இதை விட நல்லது இல்லை எண்டது என்ர அபிப்பிராயம். ஸ்பின்னிங் ரீல்தான் கையில இருக்கெண்டா ஜிக்குக்கு ஒண்டரை அடி மேல ஆகச் சின்ன சுவிவல் (சுழலுற கொழுவி) ஒண்டு கட்டுங்கோ, நூலை விட்டபிறகு அந்த வளைஞ்ச கம்பியைக் கையால மூடுங்கோ, பாதிப் பிரச்சினை தீரும்.

தங்கூசி 2 தொடக்கம் 4 றாத்தல் தாங்கிறதாப் பாத்து வாங்குங்கோ. பிறெயிட் எண்டு வாற பின்னின நூல் வெளிக்குளிருக்கு வேண்டாம், அது தண்ணியை உறிஞ்சி வளையங்களில கட்டியா உறையும். ஸ்பூல் நிறைய 100 அடி நல்ல தங்கூசி காணும், அடியில பழைய நூலைச் சுத்தி நிரப்பிவிடலாம். ஜிக் மட்டும் ஈயத்தில வாங்காம டங்ஸ்டன்ல வாங்குங்கோ, விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா ஈயத்தை விட அது ஒண்டரை மடங்குக்கு மேல அடர்த்தி, அதால சின்ன உருவத்தில அதே பாரம் கிடைக்கும், தங்கூசி இறுக்கமா நிக்கும், நுனியும் சரியாப் பேசும். 3, 4 மில்லிமீற்றர் அளவு போதும். நூறு டொலர்த் தடியில பாரமில்லாத ஜிக்கைத் தொங்கவிடுறதை விட 25 டொலர்த் தடியில நல்ல டங்ஸ்டன் ஜிக் கட்டினவர்தான் கூட மீன் பிடிப்பார்.

குளிர் செய்யிற வேலையையும் சொல்லவேணும். மலிவு ரீல்களுக்குள்ள தடிப்பான கிறீஸ் போட்டிருப்பினம், மைனஸ் 15ல அது இறுகி கைபிடி சுத்தவே மாட்டுது எண்டு நிக்கும், ரீல் பழுது எண்டு நினைச்சு எறியாதேங்கோ, வீட்டில வைச்சுத் திறந்து கிறீஸைத் துடைச்சுப்போட்டு ரெண்டு துளி மெல்லிய ஒயில் விட்டாச் சரி. வளையத்தில ஐஸ் பிடிச்சா விரலால நசுக்கி உடைக்கப்போய்த்தான் நுனி முறியுது, நுனியை ஒருக்கா ஓட்டைத் தண்ணிக்குள்ள தோய்ச்சு எடுத்தா கரைஞ்சிடும். கோர்க் கைபிடியில ரீலை டேப்பால சுத்திக் கட்டுற மாதிரி வாற தடியைக் கண்டு ஏதோ குறைச் சாமான் எண்டு நினைக்கவேண்டாம், ரீலை உங்கட கைக்குச் சமநிலையா வாற இடத்தில வைச்சுக் கட்டலாம், விரலும் வெறும் இரும்பில படாது.

தடியும் ரீலும் சோடியா வாற சாமான்கள் 40 டொலருக்குள்ளயே கிடைக்குது, மேல சொன்ன ஜிக் சோதனையில தேறினா தாராளமா வாங்கலாம். வசதி வந்தா பிறகு ரீலை மட்டும் மாத்துங்கோ. மீனைக் காட்டுற ஃபிளாஷர் மெசினுக்கு முதல் வருசமே காசு கொட்டத் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள் ஐயா. பெப்ரவரியில ஃபமிலி டே விடுமுறை வாற வார இறுதியில ஒன்ராறியோவில கனடாவில வசிக்கிற எவரும் லைசென்ஸ் இல்லாம மீன் பிடிக்கலாம், ஆனா அப்ப கொன்சர்வேஷன் லைசென்ஸ் எண்ட குறைஞ்ச அளவு லைசென்ஸுக்கு உள்ள அளவுதான் பொருந்தும், சிம்கோவில எண்டா ஒருத்தருக்கு 25 பேர்ச், ஸ்போர்ட் லைசென்ஸ்காரருக்கு உள்ள 50 இல்லை. போட்ட தூண்டில்ல இருந்து 60 மீற்றருக்குள்ள நிக்கவேணும் எண்ட சட்டமும், நடக்கிறதுக்குக் குறைஞ்சது 4 அங்குலம் தெளிவான கெட்டி ஐஸ் வேணும் எண்டதும் கனபேருக்குத் தெரியாது. அந்த வார இறுதிக்கு முந்தி வாற பேப்பர்ல இதைப் பெரிய எழுத்தில போட்டுவிடுங்கோ, புதுசாப் போற குடும்பங்கள் கடைக்குப் போக முந்தியே வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்