ஒன்பது யன்னல் எண்ணிச் சொன்ன அண்ணாவுக்கு

கண்கட்டை அவிழ்த்து நான்கு நாளாகிறது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இதை நானே தட்டச்சு செய்கிறேன். அந்த மூன்று வாரங்கள் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். திரும்பவும் அதற்குள் போக எனக்குத் தெம்பில்லை.

இரவுப் பணி செவிலியர்கள், நான் சொல்லச் சொல்ல ஆய்வேட்டை எழுதித் தந்த அறைத்தோழிகள், கேட்காமலே அவகாசம் கொடுத்த பேராசிரியர், ஊரிலிருந்து பணம் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் என் நன்றி.

ஆனால் கீழ்த்தளத்து மளிகைக்கடை அண்ணாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் ரசம் கொண்டுவந்தவரிடம், "நான் எழுதுகிற கட்டடமே மனதிலிருந்து அழிகிறது அண்ணா" என்று அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வியாழன் மதியம் போன் வந்தது. "தங்கச்சி, நான் உங்கட கட்டடத்துக்கு முன்னால நிக்கிறன்."

லண்டன் பால் மால் தெரு, உறுப்பினர்களுக்கு மட்டுமான ரிஃபார்ம் கிளப். 1841இல் கட்டடக்கலைஞர் சார்லஸ் பாரி கட்டி முடித்தது. கடையை அக்காவிடம் விட்டுவிட்டு, மழையில் நின்றுகொண்டிருந்தார்.

"மேல் வரிசையில ஒன்பது யன்னல், ரெண்டு தரம் எண்ணிப்போட்டன். பக்கத்துக் கட்டடத்தில ஐஞ்சுதான்." அந்த ஐந்து ஜன்னல்காரர் டிராவலர்ஸ் கிளப், அதுவும் பாரி கட்டியதுதான், சுமார் பத்து வருடம் முன்னால். "வாசல் சின்னனாத்தான் கிடக்கு. உச்சியில சுவர் விளிம்பு நல்லா வெளியில தள்ளிக்கொண்டு நிக்குது." ரோமின் ஃபார்னீஸ் மாளிகையைப் பார்த்து பாரி வைத்த கார்னிஸ் அது. முகப்பில் பெரிய தூண் மண்டபம் எதுவும் கிடையாது. அந்த விளிம்பும் ஜன்னல்களின் வரிசையும் சேர்ந்துதான் அந்தச் சுவருக்கு அத்தனை கம்பீரம். அவர் சொல்லச் சொல்ல, என் கண்கட்டுக்குள் ஒவ்வொரு கல்லாக அது திரும்ப எழுந்தது.

உள்ளே அவரால் போக முடியாது. அதனால் உள்பக்கத்தை நான் சொன்னேன்: நடுக்கூடம், சுற்றிலும் இரண்டு அடுக்குத் தூண் வரிசை, மேலே கண்ணாடிக் கூரை, ஓரத்தில் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கும் மாடிப்படி. இத்தாலியில் போலத் திறந்த முற்றமாக விடத்தான் பாரி முதலில் நினைத்தார் என்றேன்.

"அப்ப எங்கட நாற்சார் வீடுதானே! முத்தத்துக்கு மேல கண்ணாடி போட்டிருக்கிறாங்கள். இந்த மழைக்கு வேற என்ன செய்யிறது?"

இரண்டு வருடமாகப் படிக்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. சுற்றுக்கட்டு வீட்டில் வளர்ந்தவள் நான்; முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டே பாட்டி மடியில் சாப்பிட்டவள். என் மூன்றாம் அத்தியாயம் இப்போது அந்த முற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது.

1981 வரை அந்த கிளப்பில் பெண்கள் உறுப்பினராக முடியாது. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேட்டு நம் இருவர் பெயரையும் எழுதப்போகிறேன் அண்ணா. அது கிடைக்கும்வரை எதிர்ப்பக்க நடைபாதை போதும். மருத்துவர் வெளியே விடும் முதல் வியாழன், கடையை அக்காவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். குடை நான் கொண்டுவருகிறேன்.