அஞ்சலட்டைக்கு இருக்கும் காப்பு நூலகப் பதிவேட்டுக்கும் வேண்டும்

தமிழ்நாடு பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும் பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு கிளை நூலகத்தின் உறுப்பினர். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று நாளாவது போகாவிட்டால் எனக்கு வாரமே ஓடாது. வாசகர் என்ன படித்தார் என்ற பதிவை நீதிமன்ற ஆணை இல்லாமல் யாருக்கும் தரக் கூடாது என்று கேட்டு, அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் நூலகத்தில் இருந்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உறை மாதிரி ஒரு சின்ன அட்டை உண்டு. புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும், அதற்குள் அந்தப் புத்தகத்தின் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு. புத்தகம் எடுக்கும்போது நூலகர் அந்தச் சீட்டை உருவி என் அட்டைக்குள் செருகி, மரத்தட்டில் தேதிவாரியாக அடுக்கிவைப்பார். திருப்பிக் கொடுத்தால் சீட்டு புத்தகத்துக்குப் போய்விடும், அட்டை என் கைக்கு வந்துவிடும். அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை நான்தான் எடுத்துப் படித்தேன் என்பதற்கு அங்கே ஒரு தடயமும் மிஞ்சாது. நூலகத்துறையில் இதைப் பிரௌன் முறை என்பார்கள். புத்தகம் வெளியே இருக்கும்வரை யாரிடம் இருக்கிறது என்று நூலகத்துக்குத் தெரிய வேண்டும், வந்து சேர்ந்த பிறகு தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு சரியான ஏற்பாடு அது என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

புரியவைத்தது ஒரு சம்பவம். ஊரையும் நூலகத்தையும் சொல்லப்போவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மாலை நேரம், நான் நாளிதழ் மேசையில் உட்கார்ந்திருந்தேன். மஃப்டியில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வாசலில் நாம் எல்லோரும் பெயர், நேரம், செல்பேசி எண் எழுதிக் கையெழுத்துப் போடுவோமே, அந்த வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். நான்கைந்து பக்கங்களைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு பெயரைக் காட்டி, "இந்தப் பையன் என்ன மாதிரி புத்தகமெல்லாம் எடுப்பான்?" என்று நூலகரிடம் கேட்டார். கையில் கடிதம் எதுவும் இல்லை. அந்த அம்மா எழுந்து நின்றபடியே தெரிந்ததைச் சொன்னார். பேனா மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தது அவர் கை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இல்லை என்று மறுக்கலாம், மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம் என்பதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தந்ததே கிடையாது.

அந்தப் பையன் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். விஷயம் காதுக்கு எட்டியதோ என்னவோ, அதன் பிறகு அவனை நான் நூலகத்தில் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 94ஆவது பிரிவாகியிருக்கிறது. விசாரணைக்குத் தேவை என்று காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் ஆணையிட்டாலே போதும், எந்த ஆவணத்தையும் கேட்டு வாங்கலாம். ஆனால் அதே பிரிவு ஒன்றுக்கு விலக்கு அளிக்கிறது: அஞ்சல் துறையின் கையில் இருக்கும் கடிதம், அஞ்சலட்டை, பார்சல். அதை வாங்க வேண்டுமானால் அடுத்த பிரிவின்படி மாவட்ட நடுவரோ, தலைமை நீதித்துறை நடுவரோ, அமர்வு நீதிமன்றமோ, உயர் நீதிமன்றமோ ஆணையிட வேண்டும். எஸ்.பி.யாலும்கூட, அந்த ஆணை வரும்வரை அதை நிறுத்திவைக்கச் சொல்லத்தான் முடியும்.

யோசித்துப் பாருங்கள். நான்கு பேர் படிக்கும்படி திறந்த முகமாகப் போகும் அஞ்சலட்டைக்கு இவ்வளவு காப்பு. ஒரு மனிதன் வருடக்கணக்கில் என்னென்ன படித்தான், எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான் என்று சொல்லும் பதிவேட்டுக்கு ஒன்றுமே இல்லை.

"தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்பார்கள். எங்கள் நூலகத்தில் ஒரு பெண் மகப்பேறு பற்றிய புத்தகத்தை வார இதழுக்குள் மறைத்துவைத்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். குடிநோயிலிருந்து மீள்வது பற்றி, விவாகரத்துச் சட்டம் பற்றி, வேறொரு மதத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் வருகிறார்கள். இதில் எது தப்பு? அப்புறம், படிக்கிற புத்தகத்தை வைத்து ஆளை எடைபோடவும் முடியாது. 2011இல் மருத்துவர் பினாயக் சென்னுக்கு ஜாமீன் தந்தபோது உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இதைத்தான் கேட்டார்கள்: காந்தியின் சுயசரிதையை வீட்டில் வைத்திருப்பதாலேயே ஒருவர் காந்தியவாதி ஆகிவிடுவாரா? 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே நம்பி நாம் இருந்துவிட முடியாது. அதன் 17ஆவது பிரிவு, அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடமே கொடுத்திருக்கிறது.

வெளியே என்ன நடந்தது என்று பார்த்தால், நூலகர்கள் நின்று தடுத்த ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே தன் நெறிமுறையில் வாசகரின் அந்தரங்கத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று எழுதிவைத்தது. 2005இல் கனெக்டிகட் மாநிலத்தில் வின்ட்சர் என்ற ஊரில் இயங்கிய ஒரு நூலகக் கூட்டமைப்புக்கு எஃப்.பி.ஐ.யிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நூலகக் கணினியைக் குறிப்பிட்ட நேரத்தில் பயன்படுத்தியவர் பற்றிய விவரம் வேண்டும், கடிதம் வந்ததை யாரிடமும் சொல்லவும் கூடாது. பொறுப்பில் இருந்த நான்கு நூலகர்கள் தர மறுத்து வழக்குப் போட்டார்கள். பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதால் தங்கள் வழக்கு நடந்த நீதிமன்ற அறையில் அவர்களே உட்கார முடியவில்லை. வேறொரு நகரத்து நீதிமன்றக் கட்டடத்தில், அறைக்குள் இருந்து தொலைக்காட்சித் திரையில் பார்த்தார்கள். இப்படிக் கடிதம் அனுப்ப எஃப்.பி.ஐ.க்கு விரிந்த அதிகாரம் தந்த பேட்ரியாட் சட்டம் 2006 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டு முடிந்த பிறகுதான், அரசு அவர்களுக்குப் போட்ட வாய்ப்பூட்டைக் கழற்றியது. கேட்ட விவரமும் வேண்டாம் என்று கடைசியில் விட்டுவிட்டது.

ஆனால் நான்கு பேரின் துணிச்சலை நம்பியே ஒரு துறை இருக்க முடியாது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நூலகத்தில் 2003இல் வேறு வழியைப் பிடித்தார்கள். கணினிக்குப் பெயர் எழுதிய தாள்களை அன்றன்றைக்கே கிழித்துப் போட்டார்கள். கையில் இல்லாததை யார் கேட்டாலும் கொடுக்க முடியாதல்லவா? எங்கள் பழைய மரத்தட்டு செய்ததும் அதேதான்.

இப்போது நம் நூலகங்கள் கணினிக்கு மாறி வருகின்றன. நல்லதுதான், நான் மாற்றத்துக்கு எதிரி கிடையாது. ஆனால் மரத்தட்டு தானாகவே மறந்தது, கணினியோ சொன்னால்தான் மறக்கும். கோஹா போன்ற கட்டற்ற நூலக மென்பொருளில், புத்தகம் திரும்பியதும் எடுத்தவர் பெயரை வரலாற்றிலிருந்து நீக்கும் வசதி இருக்கிறது. கூடுதல் செலவில்லை. எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்த வசதி இருக்க வேண்டும், அது முதல் நாளிலிருந்தே இயங்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். அபராதமோ பாக்கியோ இருந்தால் அது தீரும்வரை வைத்திருக்கட்டும்.

அடுத்தது சட்டத் திருத்தம். 1948இல் சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது இந்த மாநிலம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. அரசு நடத்தும் நூலகங்கள் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில், 12ஆவது இனத்தில் இருக்கின்றன. எனவே இதைத் தொடங்க டெல்லிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வாசகர் பெயரும் அவர் எடுத்த புத்தகமும் இரகசியம், நீதிமன்ற ஆணை இல்லாமல் யாருக்கும் தரக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேருங்கள். கொலை வழக்கு, வெடிகுண்டு வழக்கு என்றால் நீதிபதி ஒருவர் காரணத்தைப் படித்துப் பார்த்து ஆணையிடட்டும், நூலகம் கொடுக்கட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒன்றிய அரசுக்கும் அதிகாரம் இருப்பதால் திருத்தம் முடிய நாளாகலாம், தெரியும். அதுவரை துறைக்குள் ஒரு சுற்றறிக்கை போதும். யார் வந்து கேட்டாலும் எழுத்தில் வாங்கி மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்ப வேண்டும், வாய்வார்த்தையாக எதையும் சொல்லக் கூடாது, இப்படி நடந்துகொண்ட ஊழியர்மேல் நடவடிக்கை வராது என்று அதில் இருக்கட்டும். குறிப்பாக அந்தக் கடைசி வரி. தனி ஆளாகக் கிளை நூலகத்தைத் திறந்து மூடுகிற ஒரு பெண்ணுக்கு அந்த வரிதான் துணை.

அப்புறம் அந்த வருகைப் பதிவேடு. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு உங்களுக்குத் தேவை, சரி. அதற்கு எண்ணிக்கை போதும். செல்பேசி எண் எழுதும் கட்டம் எதற்கு? வாசலில் திறந்து கிடக்கிற அந்த நோட்டில் எண்ணை எழுதத் தயங்கி, கல்லூரிப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதை வாரந்தோறும் பார்க்கிறேன். சிலர் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றி எழுதுகிறார்கள். அடுத்த நோட்டு அச்சிடும்போது அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். இது ஒன்றுக்குச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு கிளை நூலக வாசகர்