ஞாயிறு சந்திப்பு: பாலக் கீரையும் கோவிந்ஜியும்

அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு காலை 10 மணிக்கு அல்சூரில் நம் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். பேசப்போவது ஒளிச்சேர்க்கை ஆய்வாளர் கோவிந்ஜியைப் பற்றி.

1932-இல் அலகாபாத்தில் பிறந்தவர். அங்கேயே தாவரவியல் படித்துவிட்டு, 1956-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு, ராபர்ட் எமர்சனிடம் ஆய்வு செய்யப் போனார். குளோரெல்லா பாசி மேல் அடர்சிவப்பு ஒளியை மட்டும் அடித்தால் ஒளிச்சேர்க்கை படுத்துவிடும். கூடவே அலைநீளம் குறைந்த ஒளியும் சேர்ந்தால், இரண்டும் தனித்தனியே தருவதைக் கூட்டினால் வருவதைவிட அதிக ஆக்ஸிஜன் வரும். எமர்சன் கண்டது இது. 1959-இல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். வழிகாட்டியை இழந்த மாணவர் விடவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ரபினோவிச்சுடன் சேர்ந்து, அலைநீளம் குறைந்த அந்த இரண்டாவது ஒளியைப் பிடிப்பதில் பச்சையத்தின் ஒரு வகையான பச்சையம் 'ஏ'-வுக்கும் பங்குண்டு என்று 1960-இல் காட்டினார். மனைவி ரஜ்னியும் இதே துறை ஆய்வாளர்தான்.

அப்புறம் கோவிந்ஜி வாழ்நாளெல்லாம் துரத்தியது பச்சையத்தின் ஒளிர்வை. அதை நாமே பார்க்கலாம். பாலக்கை ஸ்பிரிட்டில் கசக்கி வடிகட்டி, இருட்டு அறையில் ஊதா டார்ச் அடித்தால் பச்சைத் தண்ணீர் ரத்தச் சிவப்பாக மின்னும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

ஒரு கட்டு பாலக், ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா டார்ச் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். ஸ்பிரிட் நான் வாங்கி வைக்கிறேன். பக்கத்தில் நெருப்பு கூடாது, குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள்.