சிவப்புக் கோட்டு வேண்டாம்: சரித்திரப் படம் எடுப்போருக்கும் அதற்கு உடை தைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே, ஆடை வடிவமைப்பாளர்களே, வணக்கம்.

வெள்ளையர் காலத்துக் கதைகளை நீங்கள் தொடர்ந்து படமாக்கி வருகிறீர்கள். முதல் நாளே போய் உட்கார்ந்து பார்ப்பவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கதை 1919க்கும் 1939க்கும் இடையில் நடக்கிறது என்று திரையில் ஆண்டு போடுகிறீர்கள். அடுத்த காட்சியிலேயே சிவப்புக் கோட்டு, வெள்ளைக் குறுக்குப்பட்டை அணிந்த சிப்பாய்கள் ஊருக்குள் நுழைகிறார்கள். முகங்கள் எல்லாம் வெள்ளை முகங்கள். ஐயா, பிரிட்டிஷ் படை சிவப்புக் கோட்டோடு போருக்குப் போவது பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு சிவப்பு என்பது வைசிராயின் மெய்க்காவல் படை, வாத்தியக் குழு போன்றோருக்கான அலங்கார உடை. துப்பாக்கி தூக்கி ஊருக்குள் வந்தவன் காக்கி உடுத்தித்தான் வந்தான். பெரும்பாலும் அவன் நம் நாட்டவனாகவே இருந்தான்.

நிறம் மாறினால் என்ன, கதைதானே முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே கதையே நிறத்தில்தான் இருக்கிறது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கிற்குள் பிரிட்டிஷ் தளபதி டயர் அழைத்துப் போன துப்பாக்கிச் சிப்பாய்கள் ஐம்பது பேர்: கூர்க்காக்கள், சீக்கியர், பலூச்சிகள். அவர்களைத் தவிர, குக்ரி கத்தி மட்டும் வைத்திருந்த கூர்க்காக்கள் நாற்பது பேர். சுமார் பத்து நிமிடத்தில் 1,650 தோட்டாக்கள். உத்தரவிட்டவன் வெள்ளையன், விசையை இழுத்தவர்கள் வெள்ளையர் அல்லர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய்க்கு இரண்டுக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். சிவப்புக் கோட்டை மாட்டிவிட்டால் இந்தக் கசப்பு பார்ப்பவனின் கண்ணுக்கு எட்டாமல் போய்விடுகிறது. யாரோ எங்கிருந்தோ வந்து அடித்தார்கள் என்ற கதையாகச் சுருங்கிவிடுகிறது.

பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவைப் பாருங்கள். 1930 ஏப்ரல் 23. ஒரு பக்கம் இமயமலைப் பகுதிக்காரர்களான கார்வாலிகளைக் கொண்ட இந்தியப் படைப்பிரிவின் காக்கிச் சிப்பாய்கள். மறுபக்கம் எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் குதாயி கித்மத்கார் என்ற அகிம்சை இயக்கத்தின் தொண்டர்கள். அந்தத் தொண்டர்கள் முதலில் வெள்ளைதான் உடுத்தினார்கள். அழுக்கு உடனே தெரிகிறதென்று, தோல் பதனிடும் இடத்துச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். செங்கல் நிறம் வந்தது. அரசாங்கமோ அந்த நிறத்தைக் காட்டி, ரஷ்யப் புரட்சிக்காரர்களின் ஆட்கள் என்று பழி சுமத்தியது. அன்று சந்திர சிங்கும் அவரோடு இருந்த கார்வாலிகளும் ஆயுதமற்ற கூட்டத்தின் மீது சுட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். செங்கல் நிறச் சட்டைக்கு முன்னால் காக்கிச் சட்டை துப்பாக்கியைத் தாழ்த்திய காட்சி அது. காக்கிக்குள் இருப்பவன் யார் என்று தெரிந்தால்தானே அவன் மறுத்ததன் கனம் தெரியும்?

உங்களில் பலர் பெரம்பூர் பின்னி மில் வளாகத்தில் அரங்கு போட்டுப் படம் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பெரிய கொட்டகைகளில் என்ன நெய்தார்கள் என்று கேட்டதுண்டா? பின்னி நடத்திய பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனது காக்கி டிரில் என்ற கெட்டிப் பருத்தித் துணி. சாம்ராஜ்யத்தின் ராணுவம் அதை உடுத்தியது. அந்த ஆலைத் தொழிலாளர்கள்தான் 1918இல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோருடன் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை எழுப்பினார்கள். 1920 டிசம்பரிலும் 1921 ஆகஸ்டிலும் அதே சாம்ராஜ்யத்தின் போலீஸ் அந்த வட்டாரத்தில் துப்பாக்கிச் சூடு நடத்தியது. என் தாத்தா அங்கே தறி ஓட்டியவர். நீங்கள் சிவப்புக் கோட்டைத் தொங்கவிட்ட இடத்தில்தான் அவர் பாவுநூல் அறுந்தால் முடிந்துகொண்டு நின்றார்.

அவருடைய அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர், மதராஸ் பயனியர் படையில். சாலை போடவும் அகழி வெட்டவும் தேவைப்பட்டால் சண்டை போடவும் பழகியவர்கள் அவர்கள். போர்க்குணம் கொண்ட இனங்கள் வடக்கில்தான் உண்டு என்று நம்பிய தளபதிகளுக்குத் தெற்கத்தியான் வேண்டாதவனாகிப் போனான். 1922இல் படைப்பிரிவுகளுக்குப் புது எண் கொடுத்தபோது மதராஸ் காலாட்படைக்கு மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்ட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சிக்கனம் என்று சொல்லி அதைக் கலைத்தார்கள். 1933இல் பயனியர் படையும் போயிற்று. அடுத்த போர் வந்து ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டதும் 1941இல் மறுபடியும் மதராஸ் ரெஜிமெண்ட்டை எழுப்பினார்கள். வேண்டாமென்று அனுப்பப்பட்டு ஊர் திரும்பியவனின் கதையை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பெரியதாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ஜோடி காலுறைப் பட்டி இருக்கிறது. கம்பளித் துணி, நாலு விரற்கடை அகலம், நீளம் ஏறக்குறைய ஒன்பது அடி. நான் சிறுவனாக இருந்தபோது அவர் என் காலிலேயே சுற்றிக் காட்டியிருக்கிறார். காலாட்படையில் கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றி, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டுவார்கள். குதிரைப்படையில் மேலிருந்து கீழே. இறுக்கினால் ரத்தம் கட்டும், தளர்த்தினால் பத்தடி நடப்பதற்குள் அவிழும். உங்கள் படங்களில் அது காலோடு தைத்த உறை போல ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நிற்கிறது.

இன்னும் சில. பஞ்சாபி முஸ்லிம் சிப்பாயின் தலைப்பாகை நடுவே குல்லா கூம்பாக எழும்பி நிற்கும், சீக்கியருக்கு அது கிடையாது. இடுப்பளவில் முடியும் குட்டைக் கம்பளிச் சட்டை 1930களின் இறுதியில் வந்தது, 1920இல் அதை யாருக்கும் மாட்டாதீர்கள். வெள்ளைக்காரர் வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பி, நம் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில் மாதிரி செய்யும் அதே நெட்டியில் செய்தது. பிளாஸ்டிக்கை விட்டு அவர்களிடம் போய்க் கேளுங்கள். சுபேதார், ஜமேதார் என்ற இந்திய அதிகாரிகளின் தோளில் நட்சத்திரம் இருந்தாலும், நேற்று வந்த வெள்ளை லெப்டினென்டுக்கும் அவர்கள் சல்யூட் வைக்க வேண்டும். நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருபது வயதுப் பையனுக்கு விறைப்பாக நிற்பதை ஒரு நொடி காட்டினால், பக்கம் பக்கமாக வசனம் எழுத வேண்டியிருக்காது.

செலவாகும் என்று சொல்வீர்கள். காக்கி டிரில் சிவப்புக் கம்பளியைவிட மலிவு. குறைவது கவனம்தான், பணம் அல்ல.

அந்தக் காலுறைப் பட்டி இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்துப்பூச்சி அரித்த இடங்கள் உண்டு, நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது. அளவெடுக்கவோ நிறம் ஒப்பிடவோ உங்களில் யார் வந்து கேட்டாலும் தருகிறேன். சுற்றும் முறையையும் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு தறிக்காரரின் பேரன்